விண்வெளி நடை: வெளியே போய் வேலை பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமிக்கு மேலே ஒருவர் மிதக்கும் படத்தைப் பார்த்தால் நம் கண்ணில் படுவது அந்த மிதப்புதான். ஆனால் வெளியே இருக்கும் ஆறேழு மணி நேரமும் அவருடைய கவலை வேறு. எதைப் பிடித்துக்கொள்வது, காலை எங்கே ஊன்றுவது, கையில் இருக்கும் கருவி நழுவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. விண்வெளி நடை என்பது அடிப்படையில் கைவேலை. அந்தக் கோணத்திலிருந்து, பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையத்தை வைத்தே பேசியிருக்கிறேன். இன்று அதிக வேலை நடப்பது அங்கேதான்.

எதற்காக வெளியே போகிறார்கள்?

பெரும்பாலும் பழுது பார்க்க, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட. பேட்டரி, குளிர்விக்கும் பம்ப், மின்சாரப் பெட்டி, கேமரா, ஆன்டெனா என்று நிலையத்தின் வெளிப்புறத்தில் ஏராளமான சாமான்கள் இருக்கின்றன. எதுவும் என்றைக்கும் உழைக்காது. நிலையத்தைக் கட்டியதிலும் பாதி வேலை இப்படி வெளியே நின்று செய்ததுதான். அந்த ஒரு நிலையத்துக்காக மட்டும் இதுவரை 270-க்கும் மேற்பட்ட தடவை ஆட்கள் வெளியே போயிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் நிலையம் அவர்களை விட்டுவிட்டு ஓடிவிடாதா?

ஓடாது. நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. அதற்குள் இருக்கும் மனிதரும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார். கதவைத் தாண்டி வெளியே வந்தாலும் அந்த வேகம் அவரை விட்டுப் போவதில்லை.

அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த உயரத்திலும் தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அவ்வளவு அதிகம் என்பதால், விழுந்தபடியே பூமியைச் சுற்றிவருகிறார்கள். அதனால்தான் எடையே தெரிவதில்லை.

முதலில் வெளியே போனவர் யார்?

சோவியத் வீரர் அலெக்சி லியோனவ். 1965 மார்ச் 18 அன்று, வஸ்கோத் 2 கலத்திலிருந்து. வெளியே இருந்தது 12 நிமிடம்தான்.

போனது எளிது, திரும்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. வெற்றிடத்தில் அவருடைய உடை எதிர்பார்த்ததைவிட அதிகமாக உப்பிக்கொண்டது. விரல்கள் கையுறை நுனியை விட்டும், பாதங்கள் பூட்ஸை விட்டும் விலகின. தொடையில் இருந்த கேமரா பொத்தானைக்கூட அவரால் எட்ட முடியவில்லை. அந்த உப்பிய உடையோடு ஒரு மீட்டரே அகலமுள்ள ஏர்லாக்குக்குள் (கலத்தின் காற்று வெளியேறாமல் ஆள் வெளியே போய்வர உதவும் இரட்டைக் கதவு அறை) நுழைய வேண்டும். கடைசியில் உடையிலிருந்த வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியேற்றினார். அழுத்தம் குறைந்தால் ரத்தத்தில் குமிழிகள் உண்டாகும் அபாயம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். வேறு வழியில்லை. கால் முதலில் போக வேண்டும் என்பது திட்டம்; அவரோ தலையை முதலில் நுழைத்து, அந்தக் குறுகிய குழாய்க்குள்ளேயே உடலைத் திருப்பி, கதவை மூடினார்.

அமெரிக்கரான எட் வைட் அதே ஆண்டு ஜூன் 3 அன்று ஜெமினி 4 கலத்திலிருந்து வெளியே போனார். கையில் பிடித்து வாயுவைப் பீய்ச்சும் ஒரு சிறு கருவியோடு 20 நிமிடத்துக்கு மேல் மிதந்தார். அது நன்றாகவே போனது. அதனாலேயே ஒரு தப்பான நம்பிக்கையும் வந்தது.

என்ன நம்பிக்கை?

வெளியே வேலை செய்வது சுலபம் என்பது. மிதப்பதற்கும் வேலை செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது.

1966 ஜூனில் ஜெமினி 9 கலத்திலிருந்து ஜீன் செர்னன் வெளியே போனார். கலத்தின் பின்பக்கம் போய், அங்கே வைத்திருந்த ஒரு முதுகுப்பை இயந்திரத்தை மாட்டிக்கொண்டு பறந்து பார்க்க வேண்டும். ஆனால் பிடித்துக்கொள்ளப் போதுமான கைப்பிடிகள் இல்லை. ஒரு வால்வைத் திருகினால், வால்வு அசைவதற்குப் பதிலாக அவருடைய உடல் எதிர்ப்பக்கம் திரும்பியது. தரையில் நாம் ஸ்க்ரூ திருகும்போது கால் தரையை அழுத்துவதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே அந்தத் தரை கிடையாது. உடலை ஓரிடத்தில் நிறுத்திவைக்கவே அவருடைய பலமெல்லாம் செலவானது. வியர்வையை உடையின் குளிர்விப்பு அமைப்பால் சமாளிக்க முடியவில்லை. ஹெல்மெட் கண்ணாடி பனி படர்ந்து எதுவும் தெரியாமல் போனது. பறக்கும் சோதனையைக் கைவிட்டு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்து உள்ளே வந்து சேர்ந்தார். செப்டம்பரில் ஜெமினி 11-இல் ரிச்சர்ட் கார்டனுக்கும் ஏறக்குறைய இதே கதை: வியர்வை கண்ணில் இறங்கி, களைத்துப்போய், அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டியதாயிற்று.

அதை மாற்றியவர் பஸ் ஆல்ட்ரின். நிலவில் இரண்டாவதாகக் கால் வைத்தவர் என்றே அவரை எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், 1966 நவம்பரில் ஜெமினி 12-இல் அவர் செய்தது அதற்குச் சளைத்ததில்லை. பால்டிமோர் அருகே ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில், தண்ணீருக்குள் மூழ்கி ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே பழகினார். கலத்தில் கூடுதல் கைப்பிடிகள் வைத்தார்கள், காலைச் செருகிக்கொள்ள இடம் செய்தார்கள், இடுப்பைக் கட்டிக்கொள்ளப் பட்டை கொடுத்தார்கள். நடுநடுவே ஓய்வு நேரமும் திட்டத்திலேயே இருந்தது. மூன்று தடவையாக மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல், போல்ட் முடுக்குவது, இணைப்புகளைக் கழற்றி மாட்டுவது என்று எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் முடித்தார். காலை ஊன்ற இடம் இருந்தால் எந்த வேலையும் நடக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இன்றைக்கும் எல்லாத் திட்டமும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போதும் தண்ணீருக்குள்தான் பழகுகிறார்களா?

ஆமாம். ஹூஸ்டனில் நாசாவுக்கு இதற்கென்றே ஒரு குளம் இருக்கிறது. நீளம் 62 மீட்டர், அகலம் 31, ஆழம் 12. நிலையத்தின் பாகங்களை அசல் அளவில் செய்து உள்ளே இறக்கி வைத்திருக்கிறார்கள். உடையில் எடைக்கட்டிகளையும் மிதவைகளையும் சேர்த்து, ஆள் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கும்படி செய்வார்கள். வெளியே செய்யப்போகும் ஒரு மணி நேர வேலைக்குக் குளத்தில் ஏழு மணி நேரம்வரை பழகுவது உண்டு.

குளத்துக்கும் குறைகள் உண்டு. தண்ணீர் இழுத்து நிறுத்தும். தள்ளிய பொருள் தானாக நின்றுவிடும். மேலே அப்படி நிற்காது. நூறு கிலோ பெட்டியை அங்கே ஒரு விரலால் நகர்த்தலாம், ஆனால் நகரத் தொடங்கியதை நிறுத்தவும் அதே அளவு தள்ளல் வேண்டும். அவசரப்பட்டால் பெட்டி போய் எதிலாவது மோதும். அப்புறம், குளத்தில் தலைகீழாக நின்றால் ரத்தம் தலைக்கு ஏறும், தோள் உடையின் மேல் அழுந்தும். தோள்பட்டைக் காயங்கள் பல வீரர்களுக்குக் குளத்தில்தான் வந்திருக்கின்றன.

நினைத்தவுடன் கதவைத் திறந்து போய்விட முடியுமா?

முடியாது. நிலையத்துக்குள் நம் தரையில் இருக்கும் அதே காற்றழுத்தம் இருக்கிறது. உடைக்குள் அப்படி வைத்தால் கைகாலை மடக்கவே முடியாத அளவுக்கு அது விறைத்துவிடும். அதனால் அமெரிக்க உடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தம்தான். காற்றுக்குப் பதில் தூய ஆக்ஸிஜன் என்பதால் சுவாசத்துக்குப் பிரச்சினையில்லை.

சிக்கல் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனால் வருகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளில் கடும் வலியைத் தரும், மூளைவரை போனால் உயிருக்கே ஆபத்து. ஆழ்கடலில் முத்துக்குளிப்பவர்களுக்கும் கடலடித் தொழிலாளர்களுக்கும் வருகிற அதே நோய். ஆகவே தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்து, நைட்ரஜனை உடம்பிலிருந்து மெதுவாக வெளியேற்ற வேண்டும். முன்பெல்லாம் குவெஸ்ட் என்ற ஏர்லாக்கில் அழுத்தத்தைக் குறைத்துவைத்து, முந்தின இரவு, வெளியே போகும் இருவரும் அங்கேயே தூங்குவார்கள். அப்புறம் இன்னொரு முறை வந்தது: உடையை மாட்டிக்கொண்டு கைகாலை மெல்ல அசைத்துக்கொண்டே சுவாசிப்பது. தசை வேலை செய்தால் நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறும். ரஷ்யர்களின் ஓர்லான் உடையில் அழுத்தம் கொஞ்சம் அதிகம் என்பதால் அவர்களுக்குச் சுமார் அரை மணி நேரம் போதும். எப்படியானாலும், எழுந்ததிலிருந்து கதவு திறக்கும்வரை பல மணி நேரம் தயாரிப்பிலேயே போய்விடும்.

உடைக்குள் என்னதான் இருக்கிறது?

உடை என்று சொல்கிறோமே தவிர, அது ஓர் ஆளுக்கான தனி விண்கலம். தரையில் வைத்தால் அமெரிக்க உடை நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். முதுகிலிருக்கும் பெட்டியில் ஆக்ஸிஜன், பேட்டரி, கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பா, விசிறி, ரேடியோ எல்லாம் அடக்கம். உள்ளே உடலோடு ஒட்டிய ஓர் உள்ளாடை; அதில் சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய்கள் ஓடும். அவற்றில் சுற்றும் குளிர்ந்த நீர் உடல் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அந்தச் சூட்டைக் கழிக்கிற விதம் அழகானது: ஒரு நுண்துளைத் தகட்டில் நீர் கசிந்து, வெற்றிடத்தில் உடனே உறைந்து, பனிக்கட்டியிலிருந்து நேரடியாக ஆவியாகிப் போகும். போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் மார்பில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் மேல் உள்ள எழுத்துகள் இடவலம் மாற்றி அச்சிடப்பட்டிருக்கும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குனிந்து மார்பைப் பார்க்க முடியாது. அதனால் மணிக்கட்டில் ஒரு சின்னக் கண்ணாடி கட்டியிருப்பார்கள். கண்ணாடியில் பார்த்தால் எழுத்து நேராகத் தெரியும்.

கையுறையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

எல்லா வேலையும் கையால் நடப்பதால்தான். அழுத்தம் நிறைந்த கையுறை எப்போதும் விரியவே பார்க்கும். விரலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் காற்றடைத்த ரப்பர் பந்தை அமுக்குகிற மாதிரி பலம் கொடுக்க வேண்டும். அதையே ஆறரை மணி நேரம் செய்தால் முன்னங்கை கடுத்துவிடும். விரல் நுனி கையுறையில் உரசி உரசி நகம் கழன்றுவந்தவர்கள் உண்டு. நிழலில் உலோகம் கடுங்குளிராக இருக்கும் என்பதால் விரல் நுனியில் சிறு ஹீட்டர்கள் வைத்திருக்கிறார்கள்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. மணல் அளவுத் துகள்கள் பல ஆண்டுகளாக மோதி, நிலையத்தின் கைப்பிடிகளில் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. அவற்றின் விளிம்பு கத்திக்கூர்மை. 2007 ஆகஸ்டில் ரிக் மாஸ்ட்ராக்கியோவின் இடது கையுறையில் கட்டைவிரல் பக்கம் ஒரு வெட்டு தெரிந்தது. காற்றை அடைத்துவைக்கும் உள்ளடுக்குவரை அது போகவில்லை, காற்றும் கசியவில்லை. ஆனாலும் வேலையைப் பாதியில் நிறுத்தி அவரை உள்ளே வரச்சொன்னார்கள். அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நேரலையில் கவனித்தால், கட்டுப்பாட்டு மையம் அவ்வப்போது கையுறையைப் பார்க்கச் சொல்வது காதில் விழும்.

எப்படி நகர்கிறார்கள்? கயிறு அறுந்துபோனால்?

கையால்தான். நிலையம் முழுக்கக் கைப்பிடிக் கம்பிகள் இருக்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தபடி நகர்வார்கள். கால் சும்மா பின்னால் வரும். வேலை செய்யும் இடம் வந்ததும் காலைச் செருக ஒரு தட்டைப் பொருத்தி, பூட்ஸை அதில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். தூரமான இடமென்றால் 17 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கனடார்ம் 2 என்ற இயந்திரக் கையின் நுனியில் நிற்கவைத்துத் தூக்கிப்போவார்கள்.

அமெரிக்க உடையில், தானாகச் சுருங்கும் எஃகுக் கம்பிச் சுருள் எப்போதும் நிலையத்தோடு மாட்டியிருக்கும். ரஷ்யர்கள் இரண்டு கொக்கிகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே போவார்கள். இதெல்லாம் தவறிப்போனால் கடைசிக் காவல் சேஃபர். முதுகுப்பெட்டியோடு இணைந்த ஒரு சிறு ஜெட் அமைப்பு இது. நைட்ரஜனைப் பீய்ச்சித் தானாகத் திரும்பிவரலாம். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் உண்மையான அவசரத்துக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

கயிறே இல்லாமலும் பறந்திருக்கிறார்கள். 1984 பிப்ரவரி 7 அன்று புரூஸ் மெக்கேண்ட்லஸ் நைட்ரஜன் ஜெட் பொருத்திய பெரிய முதுகு இருக்கையில் சேலஞ்சர் என்ற விண்வெளி ஓடத்தை (ஷட்டிலை) விட்டுச் சுமார் நூறு மீட்டர் தள்ளிப் போனார். நீலப் பூமிக்கு மேலே தனியாக நிற்கும் அந்தப் பிரபலமான படம் அவருடையதுதான்.

கருவி கைதவறினால் என்ன ஆகும்?

அதுவும் ஒரு துணைக்கோளாகிவிடும். 2008 நவம்பரில் ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர் சூரியத் தகடுகளைத் திருப்பும் மூட்டுக்கு கிரீஸ் போடும் வேலையில் இருந்தார். பைக்குள் கிரீஸ் துப்பாக்கி கசிந்து எல்லாம் பிசுபிசுத்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்தபோது பையே மிதந்து கைக்கு எட்டாத தூரம் போய்விட்டது. கூட வந்தவரின் கருவிகளைப் பகிர்ந்துகொண்டு வேலையை முடித்தார்கள். அந்தப் பை மாதக்கணக்கில் பூமியைச் சுற்றி, 2009 ஆகஸ்டில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கயிறு கட்டுவது இதற்காகத்தான். 2023 நவம்பரிலும் ஒரு பை தப்பிப்போனது.

போல்ட் சிக்கிக்கொண்டால்?

அடிக்கடி நடக்கிறது. அதில் சுனிதா வில்லியம்ஸின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

2012 ஆகஸ்ட் 30 அன்று அவரும் ஜப்பானின் அகிஹிகோ ஹோஷிடேயும் நிலையத்தின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஒரு பெட்டியை மாற்றப் போனார்கள். கிட்டத்தட்ட நூறு கிலோ. பழையதைக் கழற்றியாகிவிட்டது; புதியதை வைத்தால் போல்ட் ஏறவில்லை. திருகு மரைக்குள் உலோகத் தூள் அடைத்திருந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடிவிட்டு, பெட்டியைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பகுதி அப்படியே முடங்கிக் கிடந்தது.

கடைக்குப் போய் கருவி வாங்கிவர முடியாதே. தரையில் இருந்த பொறியாளர்களும் மேலே இருந்தவர்களும் கைக்குக் கிடைத்ததை வைத்து யோசித்தார்கள். ஒரு டூத் பிரஷ்ஷைக் கம்பில் கட்டினார்கள். ஒரு கேபிளை வெட்டி, அதன் கம்பி இழைகளைப் பிரித்து வட்டப் பிரஷ் ஒன்று செய்தார்கள். செப்டம்பர் 5 அன்று மறுபடி போய், துளைகளுக்குள் நைட்ரஜனைப் பீய்ச்சித் தூளை ஊதித்தள்ளி, பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, போல்ட்டை மெதுவாக ஏற்றினார்கள். இந்த முறை ஏறியது. அவ்வளவு விலையுயர்ந்த நிலையத்தின் மின்சாரத்தைத் திருப்பித் தந்ததில் பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்கும் பங்குண்டு.

இதுவரை நடந்ததில் மிகக் கடினமான பழுது எது?

ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். நான் 2007 நவம்பர் 3-ஐச் சொல்வேன்.

அதற்கு நாலு நாள் முன்பு, நிலையத்தின் ஒரு சூரியத் தகட்டை விரித்தபோது வழிகாட்டும் கம்பி ஒன்று சிக்கி, தகடு கிழிந்துவிட்டது. பாதி விரிந்த நிலையில் விட்டால் நிலையம் அசையும்போது இன்னும் கிழியும். இதில் என்ன தொல்லை என்றால், வெயில் பட்டுக்கொண்டிருக்கும்போது சூரியத் தகட்டை அணைக்க முடியாது. நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உடையிலோ உலோக வளையங்கள்.

ஸ்காட் பாராசின்ஸ்கி போனார். உடையின் உலோகப் பகுதிகளையும் கருவிகளையும் மின்சாரம் பாயாத காப்டன் (Kapton) டேப்பால் சுற்றினார்கள். இயந்திரக் கை எட்டவில்லை என்பதால், ஷட்டிலைச் சோதிக்கக் கொண்டுவந்த 15 மீட்டர் கம்பத்தை அதன் நுனியில் பிடிக்கவைத்து, அந்தக் கம்பத்தின் முனையில் அவரை நிற்கவைத்தார்கள். அதற்குமேல் ஓர் அடி நீளம்கூடக் கிடையாது. தகடு அசைந்து அவர் பக்கம் வந்தால், டேப் சுற்றிய வளைந்த ஒரு கோலால் தள்ளிவிட வேண்டும். நிலையத்திலேயே கம்பியும் அலுமினியத் துண்டும் வைத்துச் செய்த ஐந்து இணைப்புகளை, சட்டைக் கைமுனையில் பித்தான் மாட்டுகிற முறையில், தகட்டின் துளைகள் வழியே நுழைத்து இழுத்துக் கட்டினார். சிக்கிய கம்பியையும் வெட்டினார். டக் வீலாக் தகட்டின் அடிப்பக்கம் நின்று கவனித்துக்கொண்டார். பிறகு உள்ளேயிருந்து தகட்டை மெல்ல விரித்தார்கள். முழுசாக விரிந்து நின்றது.

யாராவது சாகும் நிலைக்குப் போயிருக்கிறார்களா?

விண்வெளி நடையின்போது இதுவரை யாரும் இறந்ததில்லை. மிக நெருங்கிவந்தது 2013 ஜூலை 16.

இத்தாலியரான லூகா பார்மிடானோ வெளியே போய் முக்கால் மணி நேரத்தில் பின்னந்தலையில் ஈரம் பட்டது என்றார். வியர்வையா, குடிநீர்ப் பை கசிகிறதா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கூடியது. எடையற்ற இடத்தில் தண்ணீர் கீழே வடியாது. தோலோடு ஒட்டிக்கொண்டு பரவும். காதை மூடியது, கண்ணை மறைத்தது, மூக்கையும் மூடியது. துடைக்கக் கையை உள்ளே விட முடியாது. திரும்பும் வழியில் சூரியனும் மறைந்து இருட்டிவிட்டது. பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. அப்போது அவர் நம்பியது பாதுகாப்புக் கம்பிச் சுருளைத்தான். அது எந்தப் பக்கம் இழுக்கிறதோ அங்கேதான் ஏர்லாக் இருக்கிறது. அந்த இழுப்பைப் பின்பற்றியே வந்து சேர்ந்தார். கூடப் போன கிறிஸ் காசிடி பின்னாலேயே வந்து கதவை மூடினார். ஹெல்மெட்டுக்குள் ஒன்றரை லிட்டர் அளவு தண்ணீர் இருந்தது.

உடையின் விசிறியும் பம்பும் சேர்ந்த பகுதியில், காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் சிறு துளைகளைச் சிலிக்காத் துகள் அடைத்ததே காரணம். வேதனை என்னவென்றால், ஒரு வாரம் முன்பு இதே உடையில் தண்ணீர் வந்திருந்தது. குடிநீர்ப் பைதான் கசிந்திருக்கும் என்று அப்போது விட்டுவிட்டார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பின், தலைக்குப் பின்னால் நீரை உறிஞ்சும் ஒரு பஞ்சுப் பட்டையும், வயிற்றுப் பக்கத்துக் காற்றைச் சுவாசிக்க ஒரு குழாயும் ஹெல்மெட்டில் சேர்ந்தன.

பார்மிடானோ 2019 நவம்பரில் மறுபடி வெளியே போனார். ஆண்ட்ரூ மோர்கனோடு நாலு தடவை. பழுது பார்க்கவே வடிவமைக்காத ஏ.எம்.எஸ். என்ற துகள் ஆய்வுக் கருவியின் குளிர்விப்புக் குழாய்களை வெட்டி, புதிய பம்போடு இணைத்து, அதை மீண்டும் ஓடவைத்தார்கள்.

சாப்பாடு, சிறுநீர், மூக்கு அரிப்பு?

சாப்பாடு கிடையாது, போவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவார்கள். ஹெல்மெட்டுக்குள் ஒரு நீர்ப் பையும் உறிஞ்சுகுழலும் உண்டு. சிறுநீருக்குப் பெரியவர்களுக்கான டயப்பர். காதடைப்பு எடுக்க, மூக்கை அழுத்திக்கொள்ள ஹெல்மெட்டுக்குள் ஒரு சிறு பஞ்சுக்கட்டி இருக்கிறது. மூக்கு அரித்தாலும் அதில்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே சூடா, குளிரா?

இரண்டும். வெயில் படும் பக்கம் 120 டிகிரி செல்சியஸ்வரை சூடாகும், நிழலில் மைனஸ் 150-க்கும் கீழே போகும். 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பதால் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பகல் போய் இரவு வரும், இரவு போய்ப் பகல் வரும். இருட்டினால் ஹெல்மெட் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள்.

இதற்கெல்லாம் ரோபோ போதாதா?

சில வேலைகளுக்குப் போதும். டெக்ஸ்டர் என்ற இரு கை ரோபோ நிலையத்தில் பெட்டிகளை மாற்றுகிறது. அதற்கேற்ற பிடியோடு செய்த பெட்டியாக இருந்தால் ஆள் போகத் தேவையில்லை, போகவும் கூடாது. ஆனால் கிழிந்த தகடு, தூள் அடைத்த மரை இவற்றை யாரும் முன்கூட்டித் திட்டமிடுவதில்லை. 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியில் மைக் மாசிமினோ ஒரு கைப்பிடியைக் கழற்ற முயன்றார். ஒரு திருகின் தலை தேய்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் தரையிலிருந்து அனுமதி வாங்கி, கையாலேயே பலமாக இழுத்துப் பிடுங்கினார். எவ்வளவு பலம் கொடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று உணர்கிற கை இன்னும் மனிதக் கைதான்.

பெண்கள் எப்போது போனார்கள்?

முதலில் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா, 1984 ஜூலை 25, சல்யூத் 7 நிலையத்திலிருந்து. அங்கே உலோகத்தை வெட்டி, வெல்டிங் செய்து பார்த்தார். இரண்டு பெண்கள் சேர்ந்து போக 2019 அக்டோபர் 18 ஆகிவிட்டது: கிறிஸ்டினா கோக், ஜெசிக்கா மெயிர். அது அதே ஆண்டு மார்ச்சிலேயே நடந்திருக்க வேண்டும். நடுத்தர அளவு மேலுடல் பாகம் ஒன்றுதான் தயாராக இருந்தது என்பதால் அப்போது ஆளை மாற்றினார்கள். உடல் அளவுக்கேற்ற உடை இல்லாமல் இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது. எல்லா அளவுக்கும் உடை செய்யாதது நீண்ட காலக் குறை.

இந்தியர் யாராவது போயிருக்கிறார்களா?

இந்தியக் குடிமக்களில் இதுவரை யாரும் இல்லை. ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் தங்கியது சவீத்ஸ்கயா சில மாதம் கழித்து வெளியே வந்த அதே சல்யூத் 7-இல்தான். ஆனால் அவருடைய பயணத்தில் விண்வெளி நடை இல்லை. 2025-இல் நிலையத்துக்குப் போய்வந்த சுபான்ஷு சுக்லாவுக்கும் அது இல்லை. இந்திய வம்சாவளி அமெரிக்கர்களில் ராஜா சாரி 2022 மார்ச்சில் இரண்டு தடவை போனார். குஜராத்தைச் சேர்ந்த தந்தையின் மகளான சுனிதா வில்லியம்ஸ் ஒன்பது தடவை போய் 62 மணி 6 நிமிடம் வெளியே இருந்திருக்கிறார். 2025 ஜனவரியில் அவர் தொட்ட இந்த மொத்த நேரத்தைப் பெண்களில் வேறு யாரும் எட்டியதில்லை.

ஒரே தடவையில் அதிக நேரம் இருந்தது யார்?

சீனாவின் சாய் ஷூஜே, சுங் லிங்துங் இருவரும். 2024 டிசம்பர் 17 அன்று 9 மணி நேரம். அதற்கு முன்பு 2001-இல் ஜிம் வாஸ், சூசன் ஹெல்ம்ஸ் 8 மணி 56 நிமிடம் இருந்ததே உச்சமாக இருந்தது. அதிக தடவை போனவர் ரஷ்யாவின் அனதோலி சொலவ்யோவ், 16 தடவை.

தனியார் பயணத்திலும் நடக்கிறதா?

2024 செப்டம்பர் 12 அன்று போலாரிஸ் டான் பயணத்தில் ஜாரெட் ஐசக்மேன், சாரா கில்லிஸ் இருவரும் ஸ்பேஸ்எக்ஸ் உடையைச் சோதித்தார்கள். அந்த டிராகன் கலத்தில் ஏர்லாக் இல்லை. அதனால் கலத்தின் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் வெற்றிடத்தில்தான் இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மேல்பாதி உடலை வெளியே நீட்டி, உடை எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார்கள்.

நேரலையில் பார்க்க முடியுமா?

முடியும். நாசா தன் தளத்திலும் யூடியூபிலும் முழுசாக ஒளிபரப்புகிறது, பணம் கட்ட வேண்டாம். இருவரில் உடையில் சிவப்புக் கோடு போட்டிருப்பவரே பெரும்பாலும் முதன்மை ஆள். மற்றவருடையது வெறும் வெள்ளை. ஹெல்மெட் கேமராவின் படம் வரும்போது கைகளைக் கவனியுங்கள்: முதலில் கொக்கி, பிறகு கருவி, அப்புறம்தான் போல்ட். கீழேயிருந்து எத்தனை சுற்று திருக வேண்டும் என்று சொல்வார்கள். அவர் திருகிவிட்டு எத்தனை சுற்று ஆனது என்று திருப்பிச் சொல்வார். முழுசாகப் பார்க்க நேரமில்லையென்றால் கதவு திறந்து ஒரு மணி நேரம் கழித்துச் சேர்ந்துகொள்ளுங்கள். அதுவரை கருவிகளை எடுத்து வைப்பதிலும் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதிலுமே நேரம் போகும்.